வைப்புத்தொகை அல்ல, கட்டுப்பணம்

வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சியின் அடிவரியில் 'வைப்புத்தொகை இழந்த கட்சிகள்' என்று ஓடுகிறது. ஏதோ சீட்டுக் கம்பெனி மூடிவிட்டுப் போனதுபோல் இருக்கிறது படிக்க.

வேட்பாளர் மனுவோடு கட்டும் பணத்துக்கு ஆங்கிலத்தில் டெபாசிட், அது இலத்தீன் வழி வந்த சொல். கீழே வைப்பது என்பது வேர்ப்பொருள். அந்த 'வைப்பது' மொழிபெயர்ப்பாளரை வழுக்கிவிட்டது. தமிழில் வைப்பு என்றால் பத்திரமாகக் கிடக்கும் செல்வம். ஏழையின் பசி தீர்ப்பதைத்தான் குறள் (226) 'பொருள்வைப்புழி', அதாவது பொருளை வைக்கும் இடம், என்கிறது. வங்கிக்காரர் நிரந்தர வைப்பு என்றது பொருத்தம், வட்டியோடு திரும்பும். தேர்தலில் கட்டுகிற காசுக்கு வட்டி ஏது? சிறு கட்சிக்காரருக்குப் பெரும்பாலும் முதலே வராது.

பிணைத்தொகை என்பாரும் உண்டு. ஒப்பந்தக்காரர் கொடுக்கும் பிணையை நினைத்தால் சற்று நெருங்கி வருகிறது. ஆனாலும் காதில் முதலில் விழுவது கோர்ட்டும் ஜாமீனும்தான். மனு போட்டவர் என்ன குற்றம் செய்தார்?

குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் 'கெட்டிவச்ச காசும் போச்சு' என்பார்கள். மலையாள வாடை என்று முகம் சுளிக்க வேண்டாம். கட்டு நம் வேர்தான், 'கட்டி' 'கெட்டி' ஆனது வாய்வழக்கு. ஈழத்துச் செய்தித்தாள்கள் கட்டுப்பணம் என்றே எழுதுகின்றன. வரி கட்டுகிறோம், ஃபீஸ் கட்டுகிறோம், கையை விட்டுப் போகிறது. இதைவிடத் தெளிவான சொல் எதற்கு?

சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி. தேர்தல் அலுவலரிடம் ரொக்கமாகவோ கருவூலத்தில் செலுத்திய ரசீதாகவோ தர வேண்டும், காசோலை எடுபடாது. நான்கு மனு போட்டாலும் ஒரே தொகுதிக்கு ஒரு கட்டுப்பணம் போதும். தோற்றவர் திரும்பப் பெற, செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். ஒன்றரை லட்சம் வாக்கு என்றால் 25,000 வாங்கியவருக்குப் போய்விடும், 25,001 வாங்கியவருக்குக் கிடைக்கும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது. சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வீணாகப் பதறுகிற முகவர்கள் இருக்கிறார்கள்.

கூட்டணி இல்லாத சிறு கட்சிக்கு ஆறில் ஒன்று மலை. அங்கீகாரம் இல்லாததால் மனுவில் 10 பேர் முன்மொழிய வேண்டும், சின்னமும் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும். செலவு வரம்பு 40 லட்சமாக இருக்கிற சட்டமன்றத் தேர்தலில் 10,000 பெரிய காசல்ல. மானம்தான் போகிறது. அடுத்த முறை கூட்டணிப் பேச்சில் சீட்டு கேட்க வாய் வராது.

இன்னொரு கூத்து, 'டெபாசிட் பறிமுதல்'. பறிமுதல் என்பது பறக்கும் படை களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் ஆவணமில்லாத ரொக்கத்தைப் பிடிப்பது. கட்டுப்பணத்தை யாரும் வந்து பறிப்பதில்லை, ஏற்கெனவே அரசிடம் இருப்பது திரும்பாமல் போகிறது. 'கட்டுப்பணம் போனது' என்றால் முடிந்தது. மனு தள்ளுபடியானாலோ உரிய நாளுக்குள் வாபஸ் வாங்கினாலோ முழுத்தொகையும் திரும்பும். அவர்களையும் 'வைப்புத்தொகை இழந்தோர்' பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள் அடிவரிக்காரர்கள்.