'அணுகத்தக்க பேருந்து' என்றால் என்ன?

இங்கே மொரீசியசில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றித் தமிழில் யார் எதை எழுதினாலும் 'அணுகத்தக்க பொதுப் போக்குவரத்து' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அண்மையில் ஒரு துண்டறிக்கையில் 'அறிவாற்றல் குறைபாடுடையோருக்கான அணுகத்தக்க பேருந்து' என்றே இருந்தது. தமிழ் மட்டும் தெரிந்தவர் படித்தால், பக்கத்தில் போனாலும் கடிக்காத பஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

மூலச் சொல் ஆங்கிலத்தில் அக்செசிபிள், பிரெஞ்சில் அக்செசீப்ள். இரண்டுக்கும் லத்தீன் வேர். 'நோக்கிச் செல்' என்று பொருள். அந்த வேரைப் பார்த்துத்தான் 'அணுகு' என்று பெயர்த்திருக்கிறார்கள். ஆனால் இன்று அந்தச் சொல் சுட்டுவது, ஒருவர் பிறர் தயவில்லாமல் ஓர் இடத்தையோ சேவையையோ பயன்படுத்த முடிவதை.

தமிழில் அணுகுவது என்றால் நெருங்குவது, அவ்வளவுதான். 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்ற குறளிலும் அதே பொருள், 'விவரங்களுக்கு அணுகவும்' என்ற விளம்பரத்திலும் அதே பொருள். நெருங்கிய பிறகு என்ன என்பது அந்தச் சொல்லில் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு வண்டியை நெருங்கி ஏறுவதே பெரும்பாடு என்பதால், அவர் விஷயத்தில் சொல் பாதியாவது தேறும். மறதிநோய் உள்ள பெரியவருக்கோ ஆட்டிசம் உள்ள இளைஞருக்கோ பஸ்ஸை நெருங்குவதிலா சிக்கல்? எது நம் வண்டி, எங்கே இறங்குவது, நிறுத்தம் தவறிவிட்டால் யாரைக் கேட்பது, இதெல்லாம்தான் சிக்கல்.

இங்கே ரோஸ் ஹில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி நடத்துநரிடம் சொல்லி வைத்தால், இடம் வந்ததும் குரல் கொடுப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் படியே இல்லாமல் மட்டமாக ஏறலாம். ஆனால் சீட்டுக்கு இயந்திரம், அட்டை. 'அணுகத்தக்க' என்று அளந்தால் மெட்ரோ தேறும், பழைய பஸ் தோற்கும். அந்தப் பெரியவரைக் கேட்டுப் பாருங்கள், தலைகீழாகச் சொல்வார். மெக்சிகோ நகர மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படமும் உண்டு. வெட்டுக்கிளிப் படம் வந்தால் சாபுல்தெபெக், இறங்கிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை எண்ணிச் செய்த ஏற்பாடு, எழுத்து குழம்புகிற எல்லோருக்கும் உதவுகிறது. இதற்கும் அணுகுவதற்கும் என்ன தொடர்பு?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 9ஆம் பிரிவில் எளிதில் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவிப்புப் பலகைகளும் உடனிருந்து வழிகாட்டும் ஆட்களும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கின்றன. 2010இல் மொரீசியஸ் ஏற்பளித்தபோது, செலவைக் காரணம் காட்டி இப்போதைக்கு இல்லை என்று ஒதுக்கி வைத்தது அந்த இரண்டு உட்பிரிவுகளையும்தான். சாய்தளம் போட்டாயிற்று, அணுகலாம், வேலை முடிந்தது என்ற நினைப்புக்கு இந்தச் சொல்லும் துணைபோகிறது.

சிலர் 'எளிதணுகல்' என்கிறார்கள். எளிதாக நெருங்கினாலும் நெருங்குவதுதானே? கைபேசியில் 'அணுகல்தன்மை' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி அதற்குள் இருக்கும் என்று எந்தப் பாட்டிக்குத் தோன்றும்? 'தடையற்ற' கொஞ்சம் தேவலை. ஆனால் அதைக் கேட்டதும் படிக்கட்டும் குழியும்தான் நினைவுக்கு வருகின்றன. குழப்பமான கால அட்டவணையை யாரும் தடையென்று எண்ணுவதில்லை.

நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது: புழங்குதல். புழங்கும் பாத்திரம், ஆள் புழக்கமுள்ள தெரு, காசு புழங்கும் கை. தயக்கமின்றி, பழகிய விதத்தில் வந்துபோவதும் கையாளுவதும் இந்த ஒரே சொல்லில் அடங்கும். 'எளிதில் புழங்கத்தக்க போக்குவரத்து' என்பதில் என்ன குறை? பேச்சுவழக்காம், அரசுத் தாளில் ஏறாதாம். பேசுகிற சொல் என்பதையே குற்றமாக்கும் இந்த மொழிபெயர்ப்பாளர்களை என்ன சொல்வது! யாருக்குப் புரிய வேண்டுமென்று துண்டறிக்கை போடுகிறார்களோ, அவர்களுக்கே புரியாத தமிழில் போடுகிறார்கள்.

அப்புறம், 'அறிவாற்றல் குறைபாடு'. 'அறிவாற்றல் மிக்கவர்' என்று மேடையில் புலவரைப் புகழ்கிறோம். அதில் குறைபாடு என்றால் முட்டாள் என்று ஆகிவிடாதா? இங்கே பேச்சு நினைவு, கவனம், திசை பற்றியது. 'அறிதல் சிரமம்' போதும். 'அறிதல் சிரமம் உள்ளவர்களும் எளிதில் புழங்கத்தக்க பேருந்து' கொஞ்சம் நீளம்தான், சரி. நீளம் இடித்தால் 'வழி குழம்பாத பஸ்' என்று போட்டுவிடுங்கள், எனக்குச் சம்மதம்.