கப்பல் ஆறு மணிக்கு என்றால் நாலு மணிக்கே கதவு சாத்திவிடும்

“அண்ணே, கப்பல் ஆறு மணிக்குத்தானே? நாலரைக்குப் போய்ச் சேர்ந்தா போதும்ல?”

துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரைத் தம்பி ஒருவர் போனில் கேட்டது. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் மூன்று நாள் பயணம் போட்டிருந்தார். கப்பல் டிக்கெட்டை அங்கிருந்தே எடுத்தாகிவிட்டது. கீழக்கரையிலிருந்து சென்னைக்குக் கார் என்ன ஆகும் என்று விசாரிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார். வாடகையைச் சொன்னேன். பிறகு ஊரிலேயே தெரிந்தவர் கார் ஒன்று குறைவாகக் கிடைக்கிறது என்றார். சரி, அது அவர் விருப்பம். ஆனால் அந்த நாலரை மணிக் கணக்கு எனக்கு உறுத்தியது. “தம்பி, நாலு மணிக்கே கவுண்டரை மூடிருவாங்க. ஒரு மணிக்கு அங்க நிக்கிற மாதிரி பாருங்க” என்று சொல்லித்தான் போனை வைத்தேன்.

அது டிரைவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். திருச்சி தாண்டி ஒரு பஞ்சர். ஸ்டெப்னியில் காற்று இல்லை. அதில் ஒன்றரை மணி நேரம். அப்புறம் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரைக்கும் ஊர்ந்திருக்கிறார்கள். துறைமுக வாசலில் இறங்கும்போது மணி நாலு இருபது. கப்பல் கண்ணெதிரே நிற்கிறது, மேல்தளத்தில் ஆட்கள் நடமாடுவதுகூடத் தெரிகிறது. உள்ளே விடவில்லை. பணமும் திரும்பவில்லை.

“நிக்கிற கப்பல்ல ஏத்த மாட்டேங்குறான்” என்று அந்தப் பெரியவர் இன்றும் ஆறாமல் சொல்வார். அவர் கோபம் நியாயம்தான். நமக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸும் ரயிலும். நகர ஆரம்பித்த பஸ்ஸைக்கூட ஓடிப்போய்ப் பிடித்துப் பழகியவர்கள் நாம். கப்பல் அப்படி இல்லை. வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடும் கப்பலென்றால் பாஸ்போர்ட்டில் முத்திரை, சாமான் சோதனை எல்லாம் உண்டு. இத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று பட்டியலை முடித்து அதிகாரிகளிடம் கொடுத்தால்தான் கப்பல் கிளம்ப அனுமதி. துறைமுகத்துக்குள் கேப்டன் தன் இஷ்டத்துக்குக் கப்பலை எடுக்கவும் முடியாது. கப்பலை வெளியே வழிநடத்தத் துறைமுகத்தின் பைலட் வந்து ஏற வேண்டும், இழுவைப் படகுகள் வர வேண்டும், அதற்கெல்லாம் முன்கூட்டியே நேரம் குறித்திருப்பார்கள். அதனால் பெரும்பாலான கப்பல்களில் கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பது கிளம்பும் நேரம். நமக்கு வேண்டிய நேரம் கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

இராமநாதபுரத்தில் பத்தொன்பது வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். முக்கால்வாசி வேலை மதுரை ஏர்போர்ட்டும் இராமேஸ்வரம் கோவிலும்தான். கப்பலுக்கு வண்டி கேட்பது இந்த ஐந்தாறு வருடத்தில் வந்த புதுப் பழக்கம். அதனால் நானும் சில தவறுகளைச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

நம் கடற்கரைக்கு இது புதிது என்று சொன்னால் தாத்தா காலத்து ஆட்கள் சிரிப்பார்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ரயில் ஏறினவர் தனுஷ்கோடியில் இறங்கி, எதிரே நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனார். போட் மெயில் என்று பெயரே அதனால் வந்தது. ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகும்வரை அப்படித்தான் நடந்தது. ரயிலும் கப்பலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து ஓடிய ஏற்பாடு அது. இன்றைக்குக் கப்பல் கம்பெனிக்கு நம் ரயிலைப் பற்றிக் கவலை இல்லை, ரயில்வேக்குக் கப்பல் இருப்பதே தெரியாது. நடுவில் இருக்கும் ஐநூறு சொச்சம் கிலோமீட்டர் முழுக்கப் பயணியின் பொறுப்பு. வீட்டில் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடாத பகுதியும் அதுதான்.

நான் போடும் கணக்கு பின்னாலிருந்து வரும். கப்பல் ஆறு மணி. செக்-இன் முடிவது நாலு. நமக்கு ஏற ஒதுக்கிய நேரம் மதியம் ஒரு மணி என்றால் பன்னிரண்டரைக்கு வாசலில் நிற்க வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் துறைமுகத்துக்கு அன்றைக்கே காரில் போகக் கூடாது என்பது என் கட்சி. முதல் நாளே போய்விட வேண்டும். லாட்ஜுக்கு ஆகும் செலவைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் கப்பல் டிக்கெட் விலையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன்.

சேது எக்ஸ்பிரஸிலோ, இன்றும் அதே பெயரில் ஓடும் போட் மெயில் ரயிலிலோ இரவு ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, மதியம் கப்பல் ஏறலாமா என்று கேட்பார்கள். மாசி, பங்குனி, சித்திரையில் தாராளமாக. எழும்பூரிலிருந்து புறநகர் ரயிலில் பூங்கா, கோட்டை தாண்டினால் கடற்கரை ஸ்டேஷன், எதிர்ப்பக்கம் துறைமுகம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நான் ஒத்துக்கொள்வதில்லை. காரணம் பாம்பன் காற்று. பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாகிவிட்டது, ஆனாலும் கடலும் காற்றும் பழையதுதானே. “நாங்க இராமநாதபுரத்துல தானே ஏறுறோம், பாலத்துக்கும் எங்களுக்கும் என்ன?” என்பார்கள். நீங்கள் ஏறப்போகிற வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் அன்றே திட்டத்தை மாற்றிவிடுங்கள்.

வெளியூர் கம்பெனிகளுக்குத் தெரியாத வேறு தேதிகளும் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு இராமேஸ்வரம் சாலை நகராது. செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியிலும், அக்டோபர் 28 முதல் 30 வரை தேவர் குருபூஜைக்காகப் பசும்பொன் பக்கமும் வழி மாற்றமும் வாகனச் சோதனையும் இருக்கும். சென்னையில் உட்கார்ந்து மேப் பார்த்து “மதுரைக்கு இரண்டரை மணி நேரம் சார்” என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தேதிகளில் எத்தனை மணி நேரம் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

இப்போது கசப்பான விஷயம். கீழக்கரைப் பெரியவரை ஏற்றிப்போனது வெள்ளை போர்டு வண்டி. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதை வாடகைக்கு விடுவது. என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள், பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் கேளுங்கள். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய். வழியில் வண்டியைப் பிடித்து வைத்தால் உங்கள் கப்பல் போனது போனதுதான். விபத்து நடந்தால், ஏறியவர்கள் வாடகை கொடுத்தவர்கள் என்று தெரிந்த மாத்திரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யும். மஞ்சள் போர்டு வண்டியிலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) நடப்பில் இருக்கிறதா, கொச்சிக் கப்பல் என்றால் கேரளா பெர்மிட் யார் கணக்கு, பேட்டா, டோல், வெயிட்டிங் வாடகைக்குள் அடக்கமா. ட்ராப் என்று பேசிவிட்டு அப் அண்ட் டவுன் கணக்கில் பில் போடும் ஆட்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டால் சண்டை இல்லை.

எல்லாவற்றையும்விட, டிரைவர் முந்தின ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம் என்றுதான் சொன்னது. இராமநாதபுரம்–சென்னை ஒரு வழிக்கே அதைத் தாண்டும். இறக்கிவிட்ட கையோடு திரும்பச் சொல்லும் முதலாளியிடம் வண்டி எடுக்காதீர்கள். ஆரம்பத்தில் நானும் அப்படிச் சொன்னவன்தான். ஒரு விடிகாலை விக்கிரவாண்டி பக்கம் என் வண்டி சென்டர் மீடியனில் ஏறி நின்றது. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

திரும்பி வரும் நாளில் குழப்பம் வேறு மாதிரி. கப்பல் காலை ஆறு மணிக்குக் கரை சேரும் என்றால் ஆறே காலுக்கு வண்டியில் ஏறிவிடலாம் என்று நினைக்கிறார்கள். பெரிய பெட்டிகளை முதல் நாள் இரவே டேக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், அவை தனியாக இறங்கும். ஆட்களைக் குழுக் குழுவாகத்தான் விடுவார்கள். ஒன்பது, பத்து மணி ஆவது சாதாரணம். அன்று மதியம் பன்னிரண்டுக்கு விமானம் போடாதீர்கள். நடுக்கடலில் நம் சிம் வேலை செய்யாது. தப்பித் தவறிக் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் பில் எகிறிவிடும். ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். டிரைவர் பெயர், வண்டி நம்பர், எந்த கேட்டில் நிற்பார் என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே காகிதத்தில் எழுதிப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டியைத் துறைமுகத்துக்குள் எதுவரை விடுவார்கள் என்பது துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் கப்பல் கம்பெனியிடம் டிக்கெட் போடும்போதே சொல்ல வேண்டும், வாசலில் நின்று கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டம்.

இன்னொரு சிக்கல், விளம்பரத்தில் போட்டிருக்கும் ஊர்ப் பெயர். நம் ஊர்ப் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து பெற்றோரைக் கப்பலில் அனுப்பும்போது மாட்டுவது இதில்தான். பாங்காக் என்று போட்டிருக்கும், கப்பல் நிற்பதோ லேம் சபாங்கில், நகரத்துக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரம். கோலாலம்பூர் என்றால் கிள்ளான் துறைமுகம். ரோம் என்றால் சிவிட்டாவெக்கியா, எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி. லண்டன் என்று சொல்லிச் சவுத்தாம்ப்டனில் இறக்குவார்கள். சிங்கப்பூரிலேயே கப்பல் முனையம் இரண்டு: ஒன்று மரீனா பே பக்கம், மற்றது ஹார்பர்ஃப்ரண்ட். டாக்சிக்காரரிடம் “கப்பல் டெர்மினல்” என்று மட்டும் சொன்னால் எங்கே இறங்குவீர்கள் என்று தெரியாது. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதையும் கையோடு சொல்லி அனுப்புங்கள்.

இதே தவறு நம் பக்கமும் நடக்கிறது. தூத்துக்குடியில் ஒரு நாள் மட்டும் நிற்கும் கப்பலில் வரும் வெளிநாட்டுப் பயணிகள், இராமேஸ்வரம் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று மெயில் அனுப்புவார்கள். வரைபடத்தில் பக்கம்தான். சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் ஒரு வழிக்குச் சுமார் 180 கிலோமீட்டர். காலை ஒன்பதுக்குத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் இராமேஸ்வரம் போய்ச் சேர ஒரு மணி. அந்த நேரம்தான் கோவில் நடை சாத்துகிறார்கள், மூன்று மணிக்குத்தான் திறப்பு. பிரகாரத்தைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான். கப்பல் கம்பெனியே விற்கும் சுற்றுலாப் பஸ் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும், தனியாகப் பேசிய காருக்குக் காத்திருக்காது. விட்டுவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு விமானம் பிடித்துப் போக வேண்டியது பயணியின் செலவு. நான் இந்த டிரிப்பை எடுப்பதில்லை. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம், தூத்துக்குடி உப்பளம், பனிமய மாதா கோவில் என்று பக்கத்திலேயே பார்க்கச் சொல்லித் தூத்துக்குடி நண்பர் ஒருவரின் வண்டியைக் கொடுத்துவிடுவேன். வாடகை எனக்கு வராது, பரவாயில்லை.

இலங்கைக்குப் போகும் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலுக்கும் இப்போது ஆட்கள் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் தொடங்கியது. தொண்டி, மீமிசல், முத்துப்பேட்டை வழியாகக் கடலோரமாகவே போகலாம். அதற்கும் பாஸ்போர்ட் வேண்டும், சில மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். கடல் சரியில்லை என்றால் ரத்தாகும், ஆகவே முதல் நாள் மாலை உறுதி செய்யாமல் நான் வண்டியைக் கிளப்புவதில்லை.

கீழக்கரைத் தம்பி மறுவருடம் மீண்டும் டிக்கெட் போட்டார். இந்த முறை வண்டி என்னுடையது. முதல் நாளே கிளம்பி, இரவு மண்ணடியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்தோம். அங்கிருந்து துறைமுகம் ஆட்டோ தூரம். உம்மா ஒரு டப்பா தொதல் இனிப்பு எடுத்து வைத்திருந்தார். வீட்டில் செய்ததைக் கப்பலில் ஏற்றவிட மாட்டார்கள் என்று சொல்லி மண்ணடி வீட்டிலேயே கொடுக்கச் சொன்னேன், கொஞ்சம் மனத்தாங்கல்தான். மறுநாள் பதினொன்றரைக்கு வாப்பாவிடமிருந்து போன்.

“என்ன தம்பி, இப்பவே கொண்டாந்து உக்கார வச்சுட்டிய. இன்னும் கவுண்டரே தொறக்கலையே.”