பீசோ: அமுக்குனா மின்சாரம், வளைச்சாலும் மின்சாரம்

காஸ் அடுப்பு லைட்டரை அமுக்குனா டக்னு ஒரு சத்தம் வருதுல்ல, அது உள்ள இருக்குற ஸ்பிரிங் ஒரு குட்டி சுத்தியலை விட்டு செராமிக் துண்டு மேல அடிக்கிற சத்தம், அந்த ஒரே அடியில பல ஆயிரம் வோல்ட் கெளம்பி காத்துலயே பொறி பாயுது. பேட்டரியே கெடையாது. இதுக்குத்தான் பீசோ எலக்ட்ரிக்னு பேரு. ஃப்ளெக்சிபிள் பீசோ எலக்ட்ரிக் எனர்ஜி ஹார்வெஸ்டிங்னு சொல்றாங்களே, அதைத் தமிழ்ல எப்படிச் சொல்லலாம்னு ஒவ்வொரு சொல்லா பாப்போம், மொதல்ல பீசோ எலக்ட்ரிக்.

சொல்லு கிரேக்கம். பியேசெயின்னா அமுக்கு, நெருக்கு, பிழி. எலக்ட்ரான்னா அம்பர், அதாவது துணியில தேச்சா தூசியை இழுக்குற அந்த மஞ்சப் பிசின் கல்லு. 1880ல பாரிஸ்ல ஜாக் கியூரி, பியர் கியூரினு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் குவார்ட்ஸ், டூர்மலின், ஏன் கரும்புச் சர்க்கரைப் படிகத்தைக்கூட விடாம அமுக்கிப் பாத்து இதைக் கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷமே ஹாங்கல்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி பேரு வெச்சுட்டார்.

இதுல டூர்மலின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1700கள் தொடக்கத்துல டச்சு வியாபாரிகள் இலங்கையிலேருந்து கொண்டுபோன கல்லு அது, பேரே தோரமல்லிங்கிற சிங்களச் சொல்லுலேருந்து வந்ததுதான். சூடு பண்ணா சாம்பலை இழுக்கும், அதனால டச்சுக்காரங்க அதைச் சாம்பல் இழுப்பான்னே கூப்பிட்டாங்க. சூட்டுக்கே மின்சாரம் தர்ற கல்லு அமுக்குனா என்ன பண்ணும்ங்கிற யோசனைதான் கியூரி சகோதரர்களை இதுல இறக்கிவிட்டுச்சு.

தமிழ்ல அழுத்தமின். என் ஓட்டு இதுக்குத்தான், சின்ன சொல்லு, அழுத்தமின் விளைவு, அழுத்தமின் பொருள்னு எப்படி வேணா சேத்துக்கலாம். ஒண்ணு மட்டும் கவனிக்கணும், அழுத்தம் இருந்துக்கிட்டே இருந்தா மின்சாரம் வந்துக்கிட்டே இருக்கும்னு இந்தப் பேரைக் கேட்டா தோணும், அப்படி இல்ல. மேல ஒரு கல்லைத் தூக்கி வெச்சுட்டுப் போனா வெச்ச நொடியில ஒரு துடிப்பு, எடுக்குறப்ப எதிர்ப்பக்கமா இன்னொரு துடிப்பு, நடுவுல ஒண்ணும் கெடையாது. அழுத்தம் மாறிக்கிட்டே இருக்கணும்.

அடுத்தது ஃப்ளெக்சிபிள், அதாவது வளையக்கூடியது. பீப்னு சத்தம் போடுற பஸ்ஸர்ல வர்ற பித்தளைத் தட்டு இருக்கே, அதுல ஒரு எல்ஈடியை சால்டர் பண்ணி விரலால தட்டுனா மினுக்குனு எரியும், ஆசையா இருக்கேனு தட்டை வளைச்சேன், மேல இருந்த வெள்ளை செராமிக் படக்குனு விரிசல் விட்டுப் போச்சு. அது பெரும்பாலும் ஈயம் சேந்த செராமிக், மின்சாரம் நல்லா தரும், ஆனா வளையாது. 1969ல ஜப்பான்ல கவாய்ங்கிறவர் பிவிடிஎஃப்ங்கிற பிளாஸ்டிக் படலத்தை இழுத்து நீட்டி, பலமான மின்புலத்துல வெச்சு எடுத்தா அதுவும் அழுத்தமின் பொருளாகுதுனு காட்டுனார். செராமிக் அளவுக்கு மின்சாரம் தராதுதான், ஆனா துணி மாதிரி மடங்கும். வளைக்கிறப்ப ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நெருங்கும், அதனால இங்கயும் அழுத்தமின்ங்கிற பேரு தப்பில்ல. சிலர் நெகிழ் அழுத்தமின்னு எழுதுறாங்க, நெகிழினா ஏற்கனவே பிளாஸ்டிக்னு ஆயிட்டதால குழப்பம் வருது, வளையும் அழுத்தமின் படலம்னே எழுதலாமே.

கடைசியா எனர்ஜி ஹார்வெஸ்டிங். ஆற்றல் அறுவடைனு எல்லாரும் எழுதுறாங்க, எனக்கு அது உறுத்துது. அறுவடைனா நாமளே விதைச்சு, தண்ணி பாய்ச்சி, களம் நெறைய அள்ளுறது. இங்க நடக்குறது அறுத்து முடிச்ச வயல்ல கதிர் பொறுக்குறது, யாரோ நடக்குறப்ப வீணாப் போற அசைவுலேருந்து கொஞ்சூண்டு எடுத்துக்குறோம், அவ்ளோதான். ஆற்றல் பொறுக்கல்னு சொன்னா அளவும் சரியா புரியும். 1998ல அமெரிக்காவுல எம்ஐடி மீடியா லேப்ல ஷூ அடியில பிவிடிஎஃப் படலம் வெச்சு நடந்து பாத்தாங்க, கெடச்சது சராசரியா 1 மில்லிவாட் சுமார், அதாவது ஒரு வாட்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அதை மின்சாரம் சேத்து வெக்கிற கெப்பாசிட்டர்ல சேத்து சேத்து வெச்சு, சில காலடிக்கு ஒரு தடவை ஷூவே தன்னோட அடையாள நம்பரை ரேடியோவுல அனுப்புச்சு.