குளிரில் படகு எஞ்சின் எழ மறுக்கிறதா? முதலில் ஹீட்டர் வயரைப் பாருங்கள்

பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கடல்நீர் 7 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இரவெல்லாம் படகுக்குள் கிடந்த டீசல் எஞ்சினும் ஏறக்குறைய அதே குளிரில்தான் இருக்கும். டீசலைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் அது எரிய வேண்டும். அந்தச் சூட்டைச் சில்லிட்ட சிலிண்டர் சுவர் உறிஞ்சிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் க்ளோ பிளக்கோ (சிலிண்டருக்கு ஒன்றாக, கரண்டில் சூடேறும் சிறு முனை), காற்று உள்ளே வரும் வழியில் ஒரு ஹீட்டரோ வைக்கிறார்கள். இரண்டையும் பொதுவாக ஹீட்டர் என்றே சொல்கிறேன். நாகப்பட்டினத்துக் கடலில் தொழில் செய்பவர்களுக்கு இது தேவைப்படாது. குளிர்நாட்டில் பழைய படகு வாங்கிய நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுகிறார்கள், ஸ்டார்ட்டரைக் கழற்றுகிறார்கள். ஹீட்டருக்குப் போகும் வயரை யாரும் பார்ப்பதில்லை. பேனலில் விளக்கு எரிகிறதே என்பார்கள். சாவி திரும்பியது என்பதற்கு மேல் அந்த விளக்குக்குப் பல படகுகளில் எதுவும் தெரியாது.

பழைய படகுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறு ஒன்றுதான். ஹீட்டருக்கான முழுக் கரண்டும் எஞ்சினிலிருந்து மேலே பேனலுக்கு ஏறி, சாவி சுவிட்ச் வழியாகப் போய், மறுபடி எஞ்சினுக்கு இறங்குகிறது. நான்கு க்ளோ பிளக் சேர்ந்தால் சூடேறிய பிறகே சுமார் 40 ஆம்பியர் இழுக்கும்; முதல் சில நொடிகளில் இன்னும் அதிகம். போக 4 மீட்டர், வர 4 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் பிளக்கில் 10தான் நிற்கும். வெப்பம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சூடு போய்விடுகிறது. அந்தச் சூடு வயரிலும், உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டரிலும், சாவி சுவிட்சிலும் இறங்குகிறது. உருகிக் கறுத்த கனெக்டரைக் கையில் எடுத்துப் பார்த்தால் தீ எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று புரியும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்டார்ட்டரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் தடித்த போல்ட்டிலிருந்து ஹீட்டருக்குத் தனி லைன் எடுங்கள். எடுத்த இடத்துக்கு அருகிலேயே 80 ஆம்பியர் ஃப்யூஸ், அதன்பின் தொடர்ந்து 80 ஆம்பியர் தாங்கும் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), அங்கிருந்து பிளக்குகளுக்கு. வயர் 16 சதுர மில்லிமீட்டர், ஈயம் பூசிய பல்லிழைச் செம்பு. ஒன்றரை மீட்டர் தூரத்தில் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும்: 30 பேட்டரி பக்கம், 87 பிளக் பக்கம், 86 சாவியிலிருந்து வரும் வயர், 85 எர்த். பேனல் வழியாக இப்போது போவது ரிலேயை இழுக்கும் சிறு கரண்ட் மட்டும். கார் கடையில் கிடைக்கும் 40 ஆம்பியர் ரிலே இதற்கு ஆகாது. ரிலேயை அதிரும் எஞ்சின் மேல் பூட்டாமல், படகின் அடித்தளத்தில் தேங்கும் பில்ஜ் தண்ணீர் எட்டாத உயரத்தில் பலகைச் சுவரில் பூட்டுங்கள்.

பழைய பெர்க்கின்ஸ் 4.108 எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதில் தெர்மோஸ்டார்ட் என்ற ஒற்றை ஹீட்டர், கொஞ்சம் டீசலை எரித்து உள்ளே வரும் காற்றைச் சூடாக்குவது; சுமார் 12 ஆம்பியர்தான் இழுக்கும், வயரும் ஃப்யூஸும் அதற்கேற்ப. ஆனால் அதன் டீசல் குழாயில் காற்று நின்றால் சுருள் வறண்டு எரிந்துபோகும். முதலில் குழாயில் டீசல் நிரம்பியிருக்கிறதா பாருங்கள்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக் தலையிலும், மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, சாவியை ஹீட்டர் நிலையில் பிடித்தபடி அளந்து பாருங்கள். பிறகு சாவி அதே நிலையில் இருக்க, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் எர்த் கேபிள் முனையில் உள்ள லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடியில் பெயின்டோ துருவோ இருக்கிறது. வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: நான்கில் ஒரு பிளக் செத்திருந்தால் கரண்ட் கால்பங்கு குறைந்து காட்டிக்கொடுக்கும்.

ஹீட்டர் வேலை செய்யாத படகில் ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றுவதுதான் எனக்குப் பெரிய கவலை. எஞ்சின் சுற்றும்போதெல்லாம் குளிர்விக்கும் பம்ப் கடல்நீரை எக்ஸாஸ்டுக்குள் தள்ளும். அதை வெளியே ஊதப் புகை இல்லை. எக்ஸாஸ்டில் தண்ணீர் தேங்கும் பெட்டியான வாட்டர்லாக் நிரம்பி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இரண்டு மூன்று முயற்சியில் பிடிக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுத்தான் மேற்கொண்டு சுற்ற வேண்டும். எஞ்சின் பிடித்த நொடியே திறந்துவிட வேண்டும். அவசரத்துக்கு, சட்டென்று தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று கேட்பார்கள். ஹீட்டரோ க்ளோ பிளக்கோ உள்ள எஞ்சினில் கூடவே கூடாது; சூடான சுருளில் பட்டு, காற்று வரும் வழியிலேயே வெடிக்கும்.