ரோகெயினிங்: பெயர் வந்த வழியும் தமிழில் சொல்லும் வழியும்

ரோகெயினிங் ஒரு விளையாட்டின் பெயர். இணையத்தில் இந்தச் சொல்லைத் தேடினால் முடி வளர்க்கும் மருந்து குறுக்கே வரும். மினாக்சிடில் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தபோது அதற்கு வைத்த வணிகப் பெயர் ரோகெய்ன். விளையாட்டு அதற்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம் காதில் 'ரோகம்' என்று வேறு விழுந்து தொலைக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் நம்பி, காடு மேடெல்லாம் நடந்தோ ஓடியோ சோதனைப் புள்ளிகளைத் தேடிப் பிடித்து மதிப்பெண் சேர்க்கும் குழுப் போட்டிதான் ரோகெயினிங். அந்த விளையாட்டுக்கு ரோகெயினிங் என்று பெயர். நடக்கும் ஒரு போட்டிக்கு ரோகெய்ன் என்று பெயர். முழு அளவு ரோகெய்ன் 24 மணி நேரம், பெரும்பாலும் ஒரு நண்பகலில் தொடங்கி மறு நண்பகலில் முடியும். ஒரு குழுவில் 2 முதல் 5 பேர் வரை இருக்கலாம்.

பிறந்த இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். மெல்பர்ன் பல்கலைக்கழக மலையேற்றச் சங்கம் 1947-லேயே 24 மணி நேர நடையை நடத்தத் தொடங்கியிருந்தது. 1970-களில் சர்ரே தாமஸ் ரோவர் குழு என்ற சாரணர் குழுவும் இதே மாதிரிப் போட்டிகளை நடத்தியது. 1976-ல் விதிகளை ஒழுங்குபடுத்தித் தனிச் சங்கம் அமைத்தபோது பெயர் தேவைப்பட்டது. அந்தச் சாரணர் குழுவைச் சேர்ந்த ரொட் பிலிப்ஸ், கெய்ல் டேவிஸ், நீல் பிலிப்ஸ் ஆகிய மூவர் பெயரின் முன்னெழுத்துகளையும் ஆங்கிலத்தில் சேர்த்து ஒட்டினார்கள், ரோகெய்ன் பிறந்தது. எழுத்தைப் பார்த்து ஒட்டிய பெயர் என்பதால், தமிழில் அந்த மூன்று பெயரையும் எப்படி அடுக்கினாலும் இந்த ஒலி வராது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கரடுமுரடான நிலம், வெட்டவெளி, குழு, வழியறிதல், தாங்குதிறன் எல்லாம் அடங்கிய ஒரு நீண்ட ஆங்கிலத் தொடரைக் கட்டி, அதன் முதலெழுத்துகள்தாம் ரோகெய்ன் என்று ஒரு விரிவு புழக்கத்துக்கு வந்தது. பெயர் முந்தியது, விரிவு பிந்தியது. பலரும் இந்த விரிவையே மூலம் என்று நம்பி எழுதுகிறார்கள். அதையே தமிழாக்கப் புகுந்தால் 'கரடுமுரடு நில வழியறி தாங்குதிறன் குழுச் செயல்பாடு' என்று ஒரு சரக்கு ரயில்தான் கிடைக்கும். மூன்று பேரின் பெயரை மொழிபெயர்க்க முடியாது. செயலுக்குத்தான் சொல் தேட வேண்டும்.

அந்தச் செயலில் உயிர்நாடி எது? வரைபடத்தை வைத்துப் புள்ளிகளைத் தேடி ஓடும் ஓரியண்டியரிங் என்ற மூத்த விளையாட்டோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். அதன் வழக்கமான வடிவத்தில் இன்ன புள்ளிக்குப் பின் இன்ன புள்ளி என்று வரிசை விதித்திருப்பார்கள். ரோகெயினிங்கில் வரிசை கிடையாது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே வரைபடத்தைக் கொடுத்துவிடுவார்கள். குழு அதை விரித்துப்போட்டு, நூலை வைத்துத் தூரம் அளந்து, எதை எடுப்பது, எதை விடுவது, இருட்டுவதற்குள் எந்த மலைச்சரிவைக் கடப்பது என்று வாதாடும். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் புள்ளியின் எண்ணிலேயே விலை இருக்கும்: 47-க்கு 40 மதிப்பெண், 103-க்கு 100. எட்டாத மூலையில் இருப்பதற்கு விலை கூடுதல். எல்லாவற்றையும் எடுக்க முடியாதபடிதான் களத்தையே அமைப்பார்கள். கால்பலத்தைவிட இந்தக் கணக்குதான் பல குழுக்களைக் கவிழ்க்கிறது. நேரம் கடந்து திரும்பினால் நிமிடத்துக்கு 10 மதிப்பெண் போய்விடும். 30 நிமிடத்தைத் தாண்டினால் ஈட்டியது மொத்தமும் போச்சு.

ஆகவே 'காட்டோட்டம்' பொருந்தாது. பாதிப் பேர் நடக்கத்தான் நடக்கிறார்கள். 'புதையல் வேட்டை'யும் சரிவராது. தேடிப்போன இடத்தில் தொங்குவது ஆரஞ்சும் வெள்ளையுமான ஒரு துணிக்கூடுதான். நான் முன்வைப்பது 'வழிதேர் போட்டி'. தேர்தல் என்பதற்குத் தேடுதல், ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என மூன்று பொருளும் உண்டு. இந்த விளையாட்டுக்கு மூன்றும் வேண்டும். கலந்துகொள்பவர் வழிதேர்வர். 'ஆற்றுப்படை'யை இழுத்துவரலாமே என்று சிலருக்குத் தோன்றும். ஆறு என்றால் வழி, சரிதான். ஆனால் அங்கே போய்வந்தவர் போகிறவருக்கு வழி சொல்கிறார். மலைபடுகடாம், வழி பிரியும் இடத்தில் பின்வருவோருக்காகப் புல்லை முடிந்து அடையாளம் இடச் சொல்கிறது. ரோகெயினிங்கில் பிற குழுவிடம் உதவி பெறுவதும், வேண்டுமென்றே இன்னொரு குழுவின் பின்னாலேயே போவதும் விதிமீறல். பழைய சொல் ஒன்றை மீட்க ஆசையென்றால் 'கவலை' இருக்கிறது. சங்க இலக்கியத்தில் அதற்குப் பிரியும் வழி என்றும் பொருள். நள்ளிரவில் நெற்றி விளக்கோடு இரண்டு ஓடைகள் கூடுமிடத்தில் நின்று, வரைபடத்தில் இருப்பது எது என்று குழம்பும் குழுவுக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

துணைச் சொற்களுக்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. வேலி, ஓடை, மலைமுகடு போன்ற ஒன்றை விடாமல் தொடர்ந்து போவதை ஆங்கிலத்தில் கைப்பிடி என்பார்கள். நாம் ஏற்கெனவே 'வாய்க்காலைப் பிடிச்சே போ' என்றுதான் வழி சொல்கிறோம். நடுவில் வந்து சாப்பிட்டு, கொஞ்சம் படுத்துவிட்டுப் போகும் மையத்துக்கு அங்கே ஹாஷ் ஹவுஸ் என்று பெயர். மலிவு உணவகத்துக்கான கொச்சைச் சொல் அது. சூப்பும் சூடான சாப்பாடும் கிடைக்கும் அந்த இடத்தைச் 'சாப்பாட்டுக் கூடாரம்' என்றாலே போதும், செந்தமிழ் எதற்கு?

முதல் உலகப் போட்டி 1992-ல் விக்டோரியாவின் பீச்வொர்த்தில் நடந்தது. இப்போது செக் குடியரசு, எஸ்தோனியா, லாத்வியா என்று பல நாட்டுக் காடுகளிலும் ரோகெய்ன் நடக்கிறது. எல்லா இடத்திலும் பெயர் அதேதான். செய்தியில் எழுதும்போது ரோகெயினிங் என்றே எழுதி, முதல் முறை மட்டும் வழிதேர் போட்டி என்று பக்கத்தில் போட்டால் படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் ரோகெய்ன் வினைச்சொல்லாகவும் வரும். தமிழில் 'ரோகெயினித்தார்கள்' என்று எழுதி யாரையும் பயமுறுத்த வேண்டாம். 'ரோகெய்ன் போனார்கள்' சரியாக இருக்கும்.