ரிஃப்ராக்டரி: மருந்துக்குக் கேட்காத நோய்

'மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கவே இல்லை' என்று வீட்டில் சொல்வோம். மருத்துவர் கோப்பில் அதற்கு 'ரிஃப்ராக்டரி' என்று பெயர். வழக்கமான சிகிச்சையைச் சரியான அளவில், போதிய நாள் கொடுத்தும் நோய் அடங்கவில்லை என்று பொருள்.

மூலம் லத்தீன். 'ஃப்ராங்கெரே' என்றால் உடைத்தல். அந்த வேரில் பிறந்த 'ரிஃப்ராக்டாரியுஸ்' முரண்டு பிடிப்பவரைக் குறித்தது. பிறகு கடும் சூட்டுக்கும் இளகாத உலைச் செங்கல்லுக்கும் அதுவே பெயரானது. சேலத்து மேக்னசைட்டில் செய்வது இந்தக் கல்தான்.

இரத்த நோய்களில் இச்சொல் அடிக்கடி காதில் விழுவது ஐடிபி (இம்யூன் த்ரோம்போசைட்டோபீனியா) என்ற தட்டணுக் குறைவு நோயில். உடலின் எதிர்ப்புச் சக்தியே இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை அழிப்பதால், மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விடும். 1950இல் வில்லியம் ஹாரிங்டன் என்ற மருத்துவர் ஒரு ஐடிபி நோயாளியின் இரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்களும் சரிந்தன. நோய்க்குக் காரணம் இரத்தத்திலேயே இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. எவ்வளவு துணிச்சல்!

முதலில் கொடுப்பது ஸ்டீராய்டு. அதற்குக் கேட்காவிட்டால், தட்டணுக்கள் அழிக்கப்படும் இடமான மண்ணீரலை எடுப்பார்கள். அப்படி எடுத்த பிறகும் அடங்காததையே ரிஃப்ராக்டரி என்று 2009இல் பன்னாட்டு நிபுணர் குழு வரையறுத்தது. இப்போது ரிட்டுக்ஸிமாப், எல்ட்ரோம்போபாக் போன்ற மருந்துகள் வந்துவிட்டன; மண்ணீரலை எடுப்பது குறைந்துவிட்டது.

சரி, நோய் கேட்கவில்லை என்றால் முதலில் என்ன செய்வது? நோய் அதுதானா என்று மறுபடி பார்க்க வேண்டும். சோதனைக் குழாயில் இருக்கும் உறைதடுப்பு மருந்தால் தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு, கருவி குறைத்து எண்ணிவிடுவது உண்டு. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவிய ஸ்மியரை நுண்ணோக்கியில் பார்த்தால் அது தெரிந்துவிடும். பிறவியிலேயே தட்டணு குறைந்தவர்கள் இருக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி, எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஆகியவையும் ஐடிபி போலவே தோன்றும். இவர்களுக்கு ஸ்டீராய்டைக் கூட்டிக்கொண்டே போனால் பக்கவிளைவுதான் மிஞ்சும்.

தமிழில் சிலர் 'தீராத நோய்' என்று எழுதுகிறார்கள். அது தவறு, நோயாளியைக் கலங்கடிக்கவும் செய்யும். ஒரு மருந்துக்கு அடங்காதது இன்னொன்றுக்கு அடங்கலாம். 'நாள்பட்ட' என்பதும் பொருந்தாது, அது காலக்கணக்கு. எழுத்தில் 'சிகிச்சைக்குக் கட்டுப்படாத', பேச்சில் 'மருந்துக்குக் கேட்காத' என்பதே என் தேர்வு. ஆங்கிலச் சொல் தனியாக நின்றுவிடும். தமிழிலோ எதற்குக் கட்டுப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: 'ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத ஐடிபி'. அடுத்து எந்த மருந்து என்று கேட்க அந்த 'க்கு' இடம் வைக்கிறது.