'பலி' என்று முடியும் தலைப்பு: குற்றச் செய்தியில் இனம் ஒளியும் இடங்கள்

2020 மே 25 அன்று நடந்த ஒரு சாவைப் பற்றி அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரப் போலீஸ் ஒரு பிரஸ் நோட் வெளியிட்டது. 'போலீஸ் நடவடிக்கையின்போது உடல்நலக் கோளாறு, ஆண் ஒருவர் மரணம்' என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். உள்ளே ஏறக்குறைய 200 சொற்கள். மோசடிப் புகார் வந்தது, சந்தேக நபர் காரிலிருந்து இறங்கச் சொல்லப்பட்டார், இறங்கியதும் எதிர்த்தார், கைவிலங்கு மாட்டினார்கள், உடல்நிலை சரியில்லாதது போலத் தெரிந்தது, ஆம்புலன்ஸை அழைத்தார்கள், மருத்துவமனையில் இறந்தார். யாரும் எந்த ஆயுதத்தையும் பயன்படுத்தவில்லை என்ற வரியும் அதில் இருந்தது.

இறந்தவர் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர். நோட்டில் அவருடைய கழுத்து இல்லை, அதை அழுத்திய வெள்ளையினப் போலீஸ்காரரின் முழங்கால் இல்லை, அந்த முழங்கால் அழுத்திக்கொண்டிருந்த 9 நிமிடம் 29 விநாடியும் இல்லை. டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயது மாணவி தன் செல்போனில் எடுத்த வீடியோவை அன்றிரவே ஃபேஸ்புக்கில் போட்டிராவிட்டால், உள்ளூர்ப் பத்திரிகையில் மூன்று பாரா செய்தியோடு விஷயம் முடிந்திருக்கும்.

அந்த நோட்டில் இனத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, வசையும் கிடையாது. வரி வரியாகப் பிரித்துப் பார்த்தால் பச்சைப் பொய் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய இடமும் குறைவு. ஆயுதம் பயன்படுத்தவில்லை என்பது ஒரு கணக்கில் உண்மைதான். ஊடகத்தில் இனப் பாகுபாடு என்றதும் பலரும் கெட்ட வார்த்தையைத் தேடுகிறார்கள். அது கிடைக்காது. தேட வேண்டியது வாக்கியத்தின் எழுவாயை, வினையை, முதலில் பேசியவர் யார் என்பதை, படத்தை.

முதலில் பேசியவரிலிருந்து தொடங்கலாம். இரவுப் பணியில் இருக்கும் நிருபருக்குப் போலீஸ் நோட் ஏன் அவ்வளவு வசதி? அது நேரத்துக்கு வருகிறது, எழுத்தில் வருகிறது, இலவசமாக வருகிறது. இன்னொரு காரணம் சட்டம். அதிகாரபூர்வ அறிக்கையை, அதன் பெயரைச் சொல்லி, உள்ளது உள்ளபடி வெளியிட்டால் அவதூறு வழக்கிலிருந்து அமெரிக்க ஊடகங்களுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு உண்டு. இறந்தவரின் அம்மா அழுதுகொண்டே சொன்னதை வெளியிட்டால் அந்தக் கவசம் இல்லை, அதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். அதனால் போலீஸ் சொன்னது செய்தியின் முதல் பாரா ஆகிறது, குடும்பம் சொன்னது ஏழாவது பாராவில் 'குற்றம் சாட்டுகின்றனர்' என்று முடிகிறது. யாரும் சதி செய்யவில்லை. ஆனால் போலீஸோடு அதிகம் மோத நேர்கிற சமூகம் எதுவோ, அதன் வாய்ச்சொல் எப்போதும் ஏழாவது பாராவுக்குப் போகும்படியான ஏற்பாடு இது.

அடுத்து வினை. ஆங்கிலச் செய்திகளில் 'அதிகாரி தொடர்புடைய துப்பாக்கிச் சூடு' என்ற தொடர் வெகுகாலமாகப் புழங்குகிறது. யார் சுட்டார் என்று கேட்டால் பதில் வராத தொடர் அது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி ஏஜென்சியின் நடைக்கையேடே (எப்படி எழுதுவது என்று நிருபர்களுக்குச் சொல்லும் விதிநூல்) இதைத் தவிர்க்கச் சொல்கிறது. 'போலீஸ்காரர் சுட்டார்' என்று எழுதினால் போயிற்று. அதே கையேடு, இனவெறியை இனவெறி என்றே எழுத வேண்டிய இடத்தில் மழுப்பலான சொற்களைப் போட்டு நிரப்பாதே என்று 2019-இல் சேர்த்தது.

தமிழ்ப் பத்திரிகையின் செய்தி டெஸ்கில் உட்கார்ந்து ஏஜென்சி அனுப்பும் செய்தியை மொழிபெயர்ப்பவருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. நம்மிடம் 'பலி' என்று ஒரு சொல் இருக்கிறது. 'துப்பாக்கிச் சூட்டில் கறுப்பின வாலிபர் பலி.' மூன்று பத்தி அகலத் தலைப்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பெயர்ச்சொல்லிலேயே முடிந்துவிடுவதால் செய்தவரைக் காட்ட வேண்டிய அவசியமே எழாது. விபத்திலும் பலி, வெள்ளத்திலும் பலி, போலீஸ் சுட்டாலும் பலி. 'கொல்லப்பட்டார்' என்றாலாவது 'யாரால்?' என்ற கேள்வி எட்டிப் பார்க்கும், 'பலி' அதற்கும் கதவைச் சாத்திவிடுகிறது. இறந்தவரின் இனம் தலைப்பில் இருந்து, சுட்டவரின் பதவிகூட இல்லையென்றால் அந்தத் தலைப்பைத் திருப்பி அனுப்பலாம். 'போலீஸ் சுட்டதில் வாலிபர் சாவு' என்றால் இரண்டு எழுத்துகூட அதிகமாகாது.

சரி, இனத்தை எப்போது குறிப்பிடலாம்? குறிப்பிடவே கூடாது என்பதும் தவறுதான். ஃபிளாய்ட் செய்தியில் அதை விட்டுவிட்டால் செய்தியே இல்லை. டெஸ்கில் பயன்படும் சோதனை எளிது: அந்த இடத்தில் 'வெள்ளையர்' என்ற சொல்லைப் போட்டுப் படிக்க வேண்டும். 'கடையில் திருடிய வெள்ளையர் கைது' என்பது அபத்தமாகத் தெரிந்தால் 'கறுப்பினத்தவர் கைது' என்பதும் அபத்தம்தான். தேடப்படும் ஆளின் அடையாளம் வேறு விஷயம். உயரம், உடை, தழும்பு, கடைசியாகப் பார்த்த இடம் என்று ஒருவரைப் பிரித்தறியும் அளவுக்கு விவரம் இருந்தால் இனமும் சேரலாம். 'கறுப்பின இளைஞர், சராசரி உயரம்' என்பது அடையாளம் ஆகாது, ஒரு பேட்டையையே சந்தேகப்பட வைக்கும் வேலை.

படத்தில் நடப்பது இன்னும் வேகமானது. 1994 ஜூனில், கறுப்பின அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரமாக இருந்த ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் கைதானபோது எடுத்த அதே போலீஸ் படத்தை டைம், நியூஸ்வீக் வார இதழ்கள் இரண்டும் அட்டையில் போட்டன. நியூஸ்வீக்கில் படம் வந்தபடி இருந்தது. டைமில் முகம் பல மடங்கு கறுத்து, ஓரங்கள் இருண்டிருந்தன. பெட்டிக்கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதால்தான் வித்தியாசம் ஊருக்கே தெரிந்தது. ஒன்று மட்டும் தொங்கியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

இப்போது யாரும் அவ்வளவு வெளிப்படையாகச் செய்வதில்லை. எந்தப் படத்தை எடுப்பது என்பதிலேயே காரியம் நடந்துவிடுகிறது. கைதான ஒருவருக்குப் போலீஸ் எடுத்த படம், இன்னொருவருக்குக் கல்லூரிப் பட்டமளிப்புப் படம். காரணம் பெரும்பாலும் சோம்பல்: போலீஸ் படம் ஒரு சொடுக்கில் கிடைக்கும், குடும்பப் படத்துக்குப் பத்து போன் போட வேண்டும். இதைத் தடுக்கப் படம் வரும் குழாயைப் போலீஸ் பக்கத்திலேயே மூட வேண்டும் என்று சில இடங்களில் புரிந்துகொண்டார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ போலீஸ் 2020 ஜூலையில், பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலொழிய கைதுப் படங்களை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தது.

பட விளக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது இரண்டு படங்கள் இணையத்தில் சுற்றின. நெஞ்சளவு தண்ணீரில் பொருளோடு நடந்த கறுப்பின இளைஞரின் படத்தில், மளிகைக் கடையைச் சூறையாடிவிட்டு வருவதாக எழுதியிருந்தது. அதேபோல் நடந்த வெள்ளையர் இருவரின் படத்தில், கடையிலிருந்து ரொட்டியும் பானமும் 'கண்டெடுத்து' வருவதாக எழுதியிருந்தது. இனப் பாகுபாட்டுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார்கள். ஆனால் அவை இரண்டு வெவ்வேறு ஏஜென்சிகளின் படங்கள், விளக்கம் எழுதிய கைகளும் வெவ்வேறு. அந்த இளைஞர் கடைக்குள் போய்வந்ததை முதல் படத்தை எடுத்தவர் பார்த்ததாக அவருடைய ஏஜென்சி சொன்னது. இரண்டாம் படத்தை எடுத்தவர், பொருள்கள் கடையிலிருந்து மிதந்து வந்ததைத்தான் பார்த்தேன் என்றார். ஒரு ஜோடிப் படத்தை வைத்து ஒருவரின் மனத்துக்குத் தீர்ப்பெழுத முடியாது. பாகுபாடு உண்டு என்ற வாதம் தோற்பது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

அதே நகரத்தில், அதே வாரத்தில் நடந்ததில் சந்தேகத்துக்கு இடமில்லாத சேதம் வேறு. சூப்பர்டோம் அரங்கில் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பான்மை கறுப்பினத்தவர். உள்ளே கொலை, குழந்தைகள்மீது பாலியல் வன்முறை, குவியல் குவியலாகப் பிணம் என்று செய்தி பறந்தது. நகரப் போலீஸ் தலைவரே தொலைக்காட்சியில் அதைச் சொன்னார். மாநில ஆளுநர், வரும் படைவீரர்களுக்குச் சுட்டுக் கொல்லத் தெரியும் என்றார். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது சூப்பர்டோமில் இருந்த உடல்கள் 6. நால்வர் இயற்கையாக இறந்தவர்கள், ஒருவர் போதைமருந்து மிகுந்து, ஒருவர் தற்கொலை. உள்ளூர் நாளிதழான டைம்ஸ்-பிக்கயூன் செப்டம்பர் 26-ஆம் தேதி இதை எழுதியது. அதற்குள், செப்டம்பர் 4-ஆம் தேதி டான்சிகர் பாலத்தில் போலீஸார் ஆயுதமில்லாத 6 பேரைச் சுட்டுவிட்டார்கள். இருவர் இறந்தனர். போலீஸ் அதை மறைக்கக் கதை கட்டியது, குற்ற ஒப்புதல் வந்து வழக்கு முடிய 2016 ஆயிற்று. நகரமே கொள்ளைக்கூட்டம் என்று ஒரு வாரம் ஒளிபரப்பினால் பாலத்தில் நிற்பவர் எப்படித் தெரிவார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கோபம் வருகிறது, சரி. என்ன செய்வது? எண்ண வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரின் டபிள்யூ.எல்.பி.டி. தொலைக்காட்சி. அதன் முதன்மை ஒளிபரப்புப் பகுதி மக்களில் அன்று சுமார் 45 சதவீதம் கறுப்பினத்தவர். 1955-இல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் திரையில் வந்தபோது, 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்ற அட்டையை அந்த நிலையம் காட்டியது. கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் பலகாலம் புகார் செய்து, 1963 மே 20 அன்று 17 நிமிட ஒளிபரப்பு வாங்கினார். மூன்று வாரம் கழித்து, தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1964 மார்ச் முதல் வாரத்தில் யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் திருச்சபை, தன்னார்வலர்களை டிவி முன் உட்காரவைத்து 7 நாள் ஒளிபரப்பை ரகசியமாகப் பதிவு செய்தது. யார் வந்தார்கள், எவ்வளவு நேரம், எப்படி அழைக்கப்பட்டார்கள் என்று குறித்தார்கள். அந்தத் தாள்கள்தான் ஆதாரம். 1966-இல் நீதிமன்றம், ஒளிபரப்பு உரிமத்தைக் கேள்வி கேட்கும் தகுதி நேயர்களுக்கும் உண்டு என்றது. அதுவரை போட்டி நிறுவனங்களுக்கு மட்டுமே அந்த உரிமை. 1969-இல் நிலையத்தின் உரிமம் போனது. 1972-இல் அதே நிலையத்துக்கு வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் பொது மேலாளர் ஆனார்.

அந்த வேலையை இன்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்யலாம். ஒரே ஊடகம், ஒரே பகுதி (குற்றச் செய்தி என்று வையுங்கள்), தொடர்ந்து 14 நாள். கண்ணை உறுத்திய செய்திகளை மட்டும் பொறுக்கினால் முடிவு முன்னாலேயே எழுதியாயிற்று, அதனால் வந்தது அத்தனையையும் குறிக்க வேண்டும். கட்டங்கள் இவ்வளவு போதும்: தேதி, தலைப்பின் எழுவாய், தலைப்பின் வினை, முதலில் மேற்கோள் காட்டப்படுபவர், மறுதரப்பு வரும் பாரா எண், இனம் குறிப்பிடப்பட்டதா, படம் போலீஸ் கொடுத்ததா குடும்பம் கொடுத்ததா, பின்தொடர் செய்தி வந்ததா.

தொடங்குமுன் முதல் 20 செய்திகளை இருவர் ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியே நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டத்திலாவது நான்கு செய்திகளுக்கு மேல் வேறுபட்டால் அந்தக் கட்டத்தின் வரையறை தளர்வாக இருக்கிறது என்று பொருள், சரிசெய்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். ஒரே ஏஜென்சி செய்தி பத்துத் தளங்களில் வந்தால் அது ஒன்றுதான், பத்தல்ல. கறுப்பினச் சந்தேக நபர்கள் இத்தனை பேர் என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு உடனே கைது எண்ணிக்கையைக் கேட்கும். அதே ஊரில் அதே காலத்துக் கைதுக் கணக்கைப் பக்கத்தில் வைத்தே பேச வேண்டும். புகார்க் கடிதத்தில் 'உங்கள் பத்திரிகை இனவெறி கொண்டது' என்று தொடங்கினால் அது குப்பைக் கூடைக்கு. 'இன்ன தேதி, இன்ன செய்தி, இரண்டாம் பாரா. இப்படி மாற்றுங்கள்' என்றால் பதில் வர வாய்ப்பு உண்டு.

பெரும்பாலும் காலியாகக் கிடப்பது கடைசிக் கட்டம், பின்தொடர் செய்தி. 1989 ஏப்ரல் 19 இரவு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயதுவரையான கறுப்பின, லத்தீன் இனச் சிறுவர் ஐவர் பிடிபட்டார்கள். விசாரணை தொடங்குமுன்பே பத்திரிகைகள் அவர்களை ஓநாய்க்கூட்டம் என்றன. மே 1 அன்று டொனால்ட் டிரம்ப் நான்கு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். பிறகு வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் அவரையே காட்டியது. ஐவரின் தண்டனையும் ரத்தானது 2002 டிசம்பர் 19 அன்று. அந்தக் கட்டம் நிரம்ப 13 ஆண்டு 8 மாதம் ஆயிற்று. எனவே 14 நாள் முடிந்ததும் நோட்டை மூடிவிடாமல், பெயர் வந்த ஒவ்வொரு கைதுக்கும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இரண்டு தேதிகளை செல்போன் காலண்டரில் போட்டுவையுங்கள். வழக்கு என்னவாயிற்று என்று நீதிமன்றப் பதிவில் பார்த்து, அதே ஊடகம் அதை எத்தனையாவது பக்கத்தில் போட்டது என்பதையும் குறியுங்கள்.